வழக்குரை பாடும் நாட்டில் வாயடைக்கப்பட்ட வழக்காளி

நான் படுவான்கரையில் பிறந்த மாணவன். வைகாசித் திங்களில் எங்கள் ஊர்க் கண்ணகியம்மன் கோயிற் கதவு திறந்தால், குளிர்த்தி முடியும்வரை கண்ணகி வழக்குரை பாடப்படும். கணவனை இழந்த பெண்ணொருத்தி, ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்திப் பாண்டியன் அவையேறி வழக்குரைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வழக்கு என்பது யாது, நீதி என்பது யாது என்று எழுத்தறியாத எங்கள் பாட்டிமாருக்குக் கற்பித்தது அந்தப் பாட்டே. பாண்டியன் பெரும் பிழை செய்தவன்தான். ஆயினும் வழக்காளியை உள்ளே விட்டான். அவள் சொன்னதைத் தன் காதாற் கேட்டான். கேட்டது அவனுக்கு விளங்கிற்று. இவ்வளவும் நடந்தபடியாற்றான் சிலம்பு உடைந்தபோது உண்மை வெளிவந்தது.

அவையிலே கண்ணகி பேசிய பேச்சை இடையில் நின்ற ஒருவன் வேறொன்றாக மாற்றி எழுதிக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இந்தக் கேள்வி என் மனத்தில் எழுந்தது கோயிலிலன்று, நீதிமன்றத்தின் பின்வாங்கிலே.

பின்வாங்கிற் கண்டது

அண்மையில் ஒரு நாள், அயல்வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் துணையாக வாவிக்கரை நீதவான் நீதிமன்றம் ஒன்றுக்குச் சென்றேன். பெரியப்பா என்றே அவரை அழைத்துப் பழகியவன் நான். அவருடைய மகன் மத்திய கிழக்கில் உழைக்கிறான். ஆகவே என்னை அழைத்தார். நீதிமன்றத்தின் பெயரையும் முறைப்பாட்டை எழுதிய பொலிஸ் நிலையத்தின் பெயரையும் நான் இங்கே குறிக்கப்போவதில்லை. இதனை ஒரு நிலையத்தின் குறையாகக் காட்டி, ஓர் அலுவலரை இடம் மாற்றிக் கணக்கை முடித்துவிடும் வாய்ப்பை எவருக்கும் கொடுக்க நான் விரும்பவில்லை.

பெரியப்பா மாட்டுப்பட்டி வைத்துப் பிழைப்பவர். மேய்ச்சற் காட்டின் ஓரத்தில் மின்சாரம் பாய்ச்சி இழுக்கப்பட்டிருந்த வெறுங்கம்பியில் அகப்பட்டு அவருடைய இரண்டு கறவைப் பசுக்கள் மாண்டன. அன்றே பொலிஸ் நிலையம் சென்று முறையிட்டார். அவர் தமிழிற் சொன்னார், அங்கிருந்த அலுவலர் சிங்களத்தில் எழுதினார், எழுதியதைச் சிங்களத்திலேயே வாசித்தார், தாளை நீட்டினார், பெரியப்பா தமிழிற் கையொப்பமிட்டார். சில நிமிட வேலைதான். அந்தச் சில நிமிடத்தில் அவருடைய வழக்குப் பாதி செத்துவிட்டது என்பது பல மாதங்கள் கழித்தே எங்களுக்குத் தெரியவந்தது.

விடியுமுன் பாலைக் கறந்து மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, முதல் பஸ்ஸில் ஏறினோம். ஒன்பது மணிக்கு முன்னரே நீதிமன்ற வாசலில் நின்றோம். கசிப்புக் காய்ச்சியவர், வாவியிலே தடைசெய்யப்பட்ட வலை வீசியவர், தாபரிப்புப் பணம் கேட்டு வந்த இளம்பெண், ஒருவர் பின் ஒருவராக அழைக்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். பலருக்குத் தவணை. நண்பகலை அண்மிய வேளையிற் பெரியப்பாவின் பெயர் கூப்பிடப்பட்டது.

சந்தேக நபரின் சட்டத்தரணி எழுந்தார். கம்பி என்றும் மின்சாரம் என்றும் இப்போது சொல்லப்படுவதெல்லாம் பின்னர் கட்டிய கதை என்றார். முதல் முறைப்பாட்டிலே அவ்வாறு ஒரு சொல்லும் இல்லை என்றார். மாடுகள் காணாமற்போயின என்பதே முறைப்பாட்டில் உள்ளது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தாளில் அவ்வாறுதான் இருந்தது.

நீதவான் பெரியப்பாவை நோக்கினார்.

“இது உமது கையொப்பமா?”

“ஓம் ஐயா.”

“எழுதியதை உமக்கு வாசித்துக் காட்டினார்களா?”

“வாசிச்ச ஐயா. எனக்கு விளங்கல்ல.”

“விளங்காமல் ஏன் கையொப்பம் வைத்தீர்?”

பெரியப்பா சற்று நேரம் நின்றார். பின்னர், “மாடு செத்த எண்டுதான் ஐயா நான் சொன்ன. அவங்க எழுதினது எனக்குத் தெரியா. வைக்கச் சொன்னாங்க, வைச்சன்” என்றார்.

முன்வரிசையில் இருவர் சிரித்தனர். நீதவான் சிரிக்கவில்லை. முறைப்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பை முறைப்படி சமர்ப்பிக்கும்படியும், மேலதிக விசாரணை அறிக்கை ஒன்றைத் தரும்படியும் கட்டளையிட்டார். தவணை மூன்று மாதம். அதன்பின் சட்டத்தரணிகள் இருவரும் நீதவானுடன் ஆங்கிலத்திலே திகதி பற்றிச் சில வார்த்தை பேசினர். பெரியப்பா என் காதருகே குனிந்து, “என்ன மனே சொல்றாங்க? என்னையப் பிடிச்சி வைக்கப் போறாங்களா?” என்று கேட்டார்.

இரண்டு பசுவை இழந்து நீதி கேட்க வந்த மனிதன், தன்னைச் சிறையில் வைக்கப்போகிறார்களோ என்று அஞ்சி நிற்கிறான்! அன்று நான் கண்டதன் சாரம் இதுவே. மற்றவையெல்லாம் விவரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீடு திரும்பியதும் சட்டப் புத்தகத்தைத் தேடினேன். தமிழனுக்குச் சட்டத்தில் இடமில்லை என்ற பழைய முறைப்பாட்டை எழுதுவதற்காகவே தேடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அங்கே கண்டது வேறு.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவைப் பாருங்கள். வாய்மொழியாகத் தரப்படும் முறைப்பாடு, அது எந்த மொழியிற் சொல்லப்பட்டதோ அந்த மொழியிலேயே எழுதப்பட வேண்டும். அலுவலரால் அம்மொழியில் எழுத இயலாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவராலும் எழுத இயலாவிட்டால் மட்டுமே வேறு மொழியில் எழுதலாம். அப்போதும் அதற்கான காரணத்தைக் குறித்து வைக்க வேண்டும். எழுதியதை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அரசியலமைப்பைப் பாருங்கள். 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ். 24ஆம் உறுப்புரையின்படி தமிழ் நிருவாக மொழியாக உள்ள இடத்து நீதிமன்றத்தின் மொழியும் தமிழே. பதிவேடும் நடவடிக்கையும் தமிழிலேயே இருத்தல் வேண்டும். நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வழக்காளியோ எதிரியோ தமிழிலே வழக்கைத் தொடங்கலாம்; தமிழிலே பங்குபற்றலாம். மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பை வழங்குவது அரசின் கடமை.

ஆகவே பெரியப்பாவுக்குச் சட்டம் துரோகம் செய்யவில்லை. சட்டத்தை வைத்திருப்பவர்கள் செய்தனர். வாவிக்கரை நீதிமன்றம் தமிழிலே நடக்கிறது. நீதவான் தமிழிலே கேட்கிறார். முதலியார் தமிழிலே கூப்பிடுகிறார். ஆனால், வழக்கு என்பது நீதிமன்ற வாசலிலே தொடங்குவதன்று. பொலிஸ் நிலைய மேசையிலே தொடங்குகிறது. ஊற்றுக் கண்ணிலே உப்பைக் கொட்டிவிட்டு, வாய்க்கால் நன்னீர் வாய்க்கால்தான் என்று பெருமை பேசினால் வயல் விளையுமா? உழவர்களே, இதனை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூதாதையர் பட்ட பாடு

இச் சட்டங்கள் தாமாக வந்தனவல்ல. 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. 1961இல் நீதிமன்ற மொழிச் சட்டம் வந்தது. நீதிமன்றங்களையும் சிங்களமயமாக்கும் வழியை அது திறந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் யாழ்ப்பாணத்திலே தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக்கும் பரவிற்று. வாவி சூழ்ந்த புளியந்தீவிலே, ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த கச்சேரியின் வாசலில் எங்கள் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அமர்ந்தனர். இந்துவும் கிறித்தவரும் இசுலாமியரும் அங்கே இருந்தனர். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது, வாசல் வெறுமையாயிற்று. ஆனால், கோரிக்கை வெறுமையாகவில்லை.

கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர், சிங்களப் பரீட்சையிற் சித்தியெய்தாத காரணத்தால் தமக்குச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர், 1956ஆம் ஆண்டுச் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடர முடியாது என்று சொல்லித் தீர்ப்பை மாற்றிற்று; மொழிக் கேள்வியைத் தொடவேயில்லை. 1969இல் இலண்டன் கோமறை மன்றம், வழக்குத் தொடர முடியும் என்று சொல்லி, மொழிக் கேள்வியைத் தீர்க்கும்படி திருப்பி அனுப்பிற்று. அந்தக் கேள்விக்கு இறுதி விடை கிடைக்கவேயில்லை. 1971இல் கோமறை மன்றத்துக்கான மேன்முறையீடே ஒழிக்கப்பட்டது. 1972இல் 29ஆம் பிரிவும் ஒழிந்தது. வழக்கில் வெல்ல முடியாத அரசு, வழக்குத் தொடுக்கும் வாசலையே சுவர் வைத்து அடைத்தது!

1973இல் வந்த 14ஆம் இலக்கச் சட்டம் வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களிலே தமிழுக்கு இடம் தந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கிற்று. 1988இல் பதினாறாம் திருத்தம் இன்றுள்ள 22ஆம், 24ஆம் உறுப்புரைகளை அமைத்தது. 1991இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. இத்தனை ஆண்டுகள், இத்தனை உயிர்கள் கொடுத்துத் தாளிலே பெற்றதை, ஒரு பொலிஸ் நிலைய மேசையிலே சில நிமிடத்தில் இழந்துவிடுகிறோம். இழந்தோம் என்பதும் நமக்குத் தெரிவதில்லை. இதுவே என் நெஞ்சைச் சுடுகிறது.

கறுப்பங்கி அணிந்தோர்க்கு ஒரு சொல்

குற்றம் அனைத்தையும் அரசின் தலையிற் சுமத்திவிட்டு அமைதியாக உறங்க நமக்கு உரிமையில்லை. அன்று பெரியப்பாவை அஞ்ச வைத்த கடைசி வார்த்தைகள் சிங்களமல்ல, ஆங்கிலம். பேசியவர்கள் தமிழர்கள். கேட்டவர் தமிழர். பேசப்பட்டது தமிழரின் வழக்கு. இடையில் ஆங்கிலத்துக்கு என்ன வேலை?

1362ஆம் ஆண்டு, மூன்றாம் எட்வேர்ட் மன்னன் காலத்தில், இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் வழக்கு ஆங்கிலத்தில் உரைக்கப்பட வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. அதுவரை அங்கே சட்டத்தரணிகள் பேசியது பிரெஞ்சு. தமக்குச் சார்பாகவோ எதிராகவோ என்ன பேசப்படுகிறது என்பது குடிகளுக்கு விளங்கவில்லை என்பதே அச் சட்டத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். அறுநூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயன் தன் குடியானவனுக்காக உணர்ந்த உண்மையை, அவனுடைய மொழியைக் கற்ற நம் சட்டத்தரணிகள் தம் குடியானவனுக்காக இன்னும் உணரவில்லை என்றால், அந்தக் கல்வியால் யாருக்குப் பயன்?

சட்டத்தரணிப் பெருமக்களே! உங்கள் திறமையை நான் குறைத்துரைக்கவில்லை. கூலி வாங்காது ஏழைகளுக்காக வாதிட்டோர் உங்களுள் உளர். இறந்தோர்க்காகவும் காணாமல் ஆக்கப்பட்டோர்க்காகவும் ஆபத்தை எதிர்கொண்டு நின்றோர் உளர். ஆயினும், வழக்கு முடிந்து வெளியே வந்ததும், “உமது வழக்கிலே இன்று நடந்தது இது, அடுத்த தவணை இன்ன நாள், அன்று நீர் கொண்டுவர வேண்டியது இது” என்று மூன்று வசனம் தமிழிற் சொல்ல எத்தனை பேருக்கு நேரம் கிடைக்கிறது? அந்த மூன்று வசனம் கிடைத்திருந்தால், ஒரு முதியவர் வீடு திரும்பும் வழியெல்லாம் சிறையை நினைத்து நடுங்கியிருக்கமாட்டார்.

மயிலந்தனை

இரண்டு பசுவின் வழக்கிலே இத்தனை ஆரவாரம் எதற்கு என்று கேட்பார் இருக்கலாம். சிறிய வழக்கிற் கண்ட நோய் பெரிய வழக்கிலே கொல்லும் என்பதற்கு இம் மாவட்டமே சாட்சி.

1992 ஓகஸ்ட் 8ஆம் நாள் அராலியில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ உயிரிழந்தார். மறுநாள், ஓகஸ்ட் 9ஆம் நாள், அராலியிலிருந்து வெகு தொலைவில், புணானையை அடுத்த மயிலந்தனைக் கிராமத்துக்குள் படையினர் புகுந்தனர். தமிழ் மக்கள் 35 பேர் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் பெண்களும் அவர்களுள் இருந்தனர். தப்பியவர்கள் வாய் மூடி இருக்கவில்லை. அடையாள அணிவகுப்பிலே துணிந்து நின்று, இவர், இவர் என்று சுட்டிக் காட்டினர். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலே, துவக்கு ஏந்திய படையினரை ஏழைக் கிராமத்தார் விரல் நீட்டி அடையாளம் காட்டுவது எத்தகைய துணிவு என்பதை எண்ணிப் பாருங்கள்!

அதன்பின் என்ன நடந்தது? வழக்கு மட்டக்களப்பில் நடத்தப்படவில்லை. பொலனறுவைக்கு மாற்றப்பட்டது. பின்னர் கொழும்புக்கு மாற்றப்பட்டது. எதிரிகளின் பாதுகாப்புக் கருதப்பட்டது. சாட்சிகளின் பாடு கருதப்படவில்லை. மயிலந்தனையிலிருந்து கொழும்புக்கு நெடும்பயணம். போர்க்காலத்திலே, சோதனைச் சாவடிதோறும் இறங்கி ஏறி, அன்றாடக் கூலியை இழந்து, தங்க இடமின்றி, அந்த ஏழைகள் சாட்சி சொல்லச் செல்ல வேண்டும். சாட்சி சொல்வது தமிழில், கேட்கும் யூரர்கள் சிங்களம் பேசுவோர், இடையில் மொழிபெயர்ப்பு.

பத்தாண்டுகள் கழிந்தன. 2002 நவம்பர் 25ஆம் நாள் கொழும்பு மேல் நீதிமன்றத்திலே, படையினர் 18 பேரும் குற்றவாளிகள் அல்லர் என யூரர் சபை முடிவு கூறிற்று. முடிவை மீளச் சிந்திக்கும்படி நீதிபதி சிறீஸ்கந்தராஜா யூரர்களைக் கேட்டார். அவர்கள் மீண்டும் அதே முடிவையே கூறினர். முப்பத்தைந்து உயிர் போயிற்று. கொன்றவர் எவருமில்லை என்றாயிற்று!

திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தையும் நினையுங்கள். 1996 பெப்ரவரி 11ஆம் நாள் அங்கே 24 பேர் கொல்லப்பட்டனர். வழக்கு திருகோணமலையிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. இருபது ஆண்டு கழித்து, 2016 ஜூலை 27ஆம் நாள், எஞ்சியிருந்த எதிரிகள் அறுவரையும் யூரர் சபை விடுவித்தது. ஊர் வேறு, ஆண்டு வேறு, அரசாங்கம் வேறு. வழி மட்டும் ஒன்றே. வழக்கை ஊரிலிருந்து பெயர்த்தெடு; மொழி புரியாத இடத்தில் நடு; காலத்தைக் கடத்து; காரணம் சொல்லத் தேவையில்லாத யூரர் சபையிடம் கொடு.

நம் சட்டப்படி யூரர் சபை எழுவரைக் கொண்டது. ஐவர் உடன்பட்டால் முடிவு முடிவே. சிங்கள யூரரா, தமிழ் யூரரா, ஆங்கில யூரரா என்று தெரியும் வாய்ப்பு எதிரிக்கு உண்டு. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அதில் வாய்ப்பேயில்லை. எதிரிக்கு உரிமை இருக்கட்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், இறந்தவன் பக்கத்தில் எவருக்கும் வாய் இல்லை என்பதா நீதி?

மறுப்போர்க்கு மறுமொழி

“தென்னிலங்கையில் நடந்த வழக்குகளிலே தமிழருக்கு நீதி கிடைக்கவேயில்லையா? இது இனத்துவேஷப் பேச்சல்லவா?” என்று சிலர் கேட்பர். நேர்மையான கேள்வி, நேர்மையான மறுமொழி தருகிறேன்.

கிடைத்திருக்கிறது. 1996 செப்டெம்பரிலே கைதடியில் மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி படையினராற் சிதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கும் கொழும்பிலேதான் நடந்தது. 1998 ஜூலை 3ஆம் நாள் குற்றவாளிகளுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஆகவே, சிங்கள மக்கள் நீதியறியார் என்று நான் சொல்லவில்லை; சொல்பவன் அறிவிலி.

ஆனால், வேறுபாட்டைக் கவனியுங்கள். கிருஷாந்தி வழக்கை விசாரித்தது யூரர் சபையன்று. மூன்று நீதிபதிகள் ஒருங்கமர்ந்த மன்று. நீதிபதி தீர்ப்புச் சொன்னால் காரணம் எழுத வேண்டும். எந்தச் சாட்சியை நம்பினேன், எதனை நம்பவில்லை, ஏன் என்று நாட்டுக்குச் சொல்ல வேண்டும். யூரர் ஒரு சொல்லோடு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். வழக்கும் விரைவாக நடந்தது. சாட்சிகள் நினைவிழக்கும் முன், அஞ்சி ஊர்விட்டுப் போகும் முன், முடிந்தது. எனவே வழியுண்டு, வழி தெரியும், அந்த வழியால் ஒருமுறை நடந்தும் காட்டினர். மயிலந்தனைக்கும் குமாரபுரத்துக்கும் அது மறுக்கப்பட்டது. இதனைத்தான் குற்றம் என்கிறேன்.

“மாட்டுக்கும் மனிதனுக்கும் முடிச்சுப் போடுகிறாய்” என்றும் சிலர் சொல்லலாம். முடிச்சைப் போட்டவன் நானல்லன். 2023 செப்டெம்பர் 15 முதல் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் தங்கள் மேய்ச்சற்றரைக்காகச் சித்தாண்டியிலே தெருவில் அமர்ந்தனர். அவர்களுக்குத் துணைநின்று திரும்பிய கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் அறுவர் அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் கைதுசெய்யப்பட்டு, நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுப் பிணையில் வந்தனர். மாடு மாண்டதாக முறையிட்டவன் தாள் திரிகிறது; மாட்டுக்காரனோடு நின்ற மாணவன் எதிரிக் கூண்டில் ஏறுகிறான். இரண்டையும் ஒரே வாவிக்கரையிலே கண்ட பின்னும் முடிச்சு இல்லை என்று நான் எப்படி எழுதுவேன்?

செய்ய வேண்டியவை

அழுது முடிப்பதற்காக இதனை எழுதவில்லை. செய்ய வேண்டியவை தெளிவானவை.

ஒன்று: முறைப்பாடு செய்யச் செல்லும் ஒவ்வொருவரும், “நான் தமிழிற் சொல்கிறேன், தமிழில் எழுதுங்கள். இயலாவிட்டால் நானே எழுதித் தருகிறேன்” என்று சொல்லட்டும். இது கெஞ்சுதலன்று, 109ஆம் பிரிவு தந்த உரிமை. எழுதத் தெரியாதவர், எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையை அழைத்துச் செல்லட்டும். விளங்காத தாளில் எவரும் கையொப்பம் வைக்கவேண்டாம். தமிழரும் முஸ்லிம்களுமாகத் தமிழ் பேசும் மக்கள் வாழும் பகுதிகளின் பொலிஸ் நிலையங்களிலே, எந்த வேளையிலும் தமிழில் எழுதவல்ல அலுவலர் ஒருவர் இருப்பதை அரசு உறுதி செய்யட்டும். மறுக்கும் நிலையத்தின்மீது அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுவோம்.

இரண்டு: பாதிக்கப்பட்டோரைக் கேளாமல் எந்த வழக்கும் ஊர் கடத்தப்படலாகாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் வந்தது. 2023இல் அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் வந்தது. தொலைவிலிருந்தே ஒலி, ஒளி மூலம் சாட்சி சொல்லவும் இப்போது வழியுண்டு. எனவே பாதுகாப்பு என்ற பழைய சாட்டு இனிச் செல்லாது.

மூன்று: படையினரோ பொலிஸாரோ பொதுமக்களைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்படும் வழக்குகளை யூரர் இன்றி, காரணம் எழுதித் தீர்ப்புச் சொல்லும் நீதிபதிகள் விசாரிக்கச் சட்டம் திருத்தப்பட வேண்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் வாக்குக் கேட்டு வரும்போது, இதற்கு என்ன செய்தீர்கள் என்று ஊருக்கு ஊர் கேளுங்கள்.

நான்கு: சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் இளைப்பாறிய எழுதுவினைஞர்களும் மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கிப் படுவான்கரைக் கிராமங்களுக்கு வாருங்கள். மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது. பாதைக்குக் காத்துநிற்க வேண்டியதில்லை. கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசல் முன்றிலிலும் அமர்ந்து, முறைப்பாடு எழுதும் வகையை மக்களுக்குச் சொல்லுங்கள். மாணவர்களாகிய நாங்கள் பாய் விரித்து, பெயர் எழுதி, உடன் நிற்போம்.

அன்று நீதிமன்றத்திலிருந்து திரும்பும்போது பெரியப்பா பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. வாவியைக் கடக்கையில் மட்டும், “அடுத்த தவணைக்கும் வருவியா மனே?” என்று கேட்டார். வருவேன் என்றேன். வேண்டுமென்றால் அதற்கடுத்த தவணைக்கும் வருவேன். ஆனால், பெரியப்பாவோடு செல்ல நான் இருக்கிறேன். ஒருவரும் இல்லாமல் அந்த வாசலில் நிற்போர்க்கு யார் இருக்கிறார்கள்?

வருகிற வைகாசியிலும் எங்கள் கோயிலில் வழக்குரை பாடப்படும். நாங்களும் கைகூப்பிக் கேட்போம். தன் வாயால், தன் மொழியால், தன் வழக்கைத் தானே உரைத்த ஒருத்தியைத் தெய்வமாக வைத்து வணங்கும் நாடு இது. அந்த நாட்டின் உழவன் தன் வழக்கை விளங்காத தாளிலே கையொப்பமிட்டு இழப்பானாகில், நாம் ஆண்டுதோறும் பாடுவது வெறும் பாட்டேயன்றி வேறென்ன?

— படுவான்கரை மாணவன்